மகன் சிங்கப்பூரில், சிபில் ஸ்ரீரங்கத்தில்: வெளிநாடு போனவர்களின் கடன் மதிப்பெண் என்ன ஆகிறது?

திருச்சி விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள்தான் அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா, கொழும்பு என்று விமானங்கள் போய் வருகின்றன. ரூ.1,100 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தார். அந்த ஆண்டு ஜூனில் அது பயன்பாட்டுக்கு வந்தது. டெல்டா மாவட்டங்கள், புதுக்கோட்டை, பெரம்பலூர் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பலருக்கும் கடல் தாண்டும் வாசல் இதுதான்.

இப்படிப் போனவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வெளிநாடு போயிட்டா சிபில் ஸ்கோர் விழுந்துடுமா?"

நேரடியான பதில்: விழாது. பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரைக்கும் கடன் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ஒருவர் எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதை வைத்து மதிப்பெண் கூடுவதோ குறைவதோ கிடையாது. ஆனால் போகிறவர் இங்கே சில கணக்குகளையும் அட்டைகளையும் கையெழுத்துகளையும் விட்டுவிட்டுப் போகிறார். அவை கேட்பாரற்றுக் கிடந்தால் ஸ்கோர் விழும். பல நேரம் விழுவது போனவரின் ஸ்கோர் மட்டும் அல்ல. ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவின் ஸ்கோரும் சேர்ந்து விழுகிறது. இதைப் பற்றித்தான் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

'சிபில்ல பேர் வந்துடுச்சு' என்றால்?

"அவருக்கு லோன் கிடைக்காதுங்க, சிபில்ல பேர் வந்துடுச்சு" என்று சொல்லக் கேட்டிருப்போம். சிபில் ஏதோ கறுப்புப் பட்டியல் போலவும், தப்பு செய்தவர்கள் பெயரை மட்டும் அதில் எழுதிவைப்பது போலவும் ஒரு நினைப்பு. அப்படி இல்லை. தவணை தவறாமல் கட்டுபவர் பெயரும் அதில் இருக்கிறது. வங்கியில் ஒரு கடனோ கிரெடிட் கார்டோ வாங்கிய எல்லோர் பெயரும் இருக்கிறது.

2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிபில், இன்று டிரான்ஸ்யூனியன் சிபில். அதைத் தவிர எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இதே வேலையைச் செய்கின்றன. நகல் எடுப்பது எல்லாம் 'ஜெராக்ஸ்' ஆனதுபோல மக்கள் வாயில் நாலும் சிபில்தான். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இவை நடக்கின்றன. வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர் கட்டியது, கட்டாதது எல்லாவற்றையும் இவற்றுக்கு அனுப்ப வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினார்கள். 2025 ஜனவரி முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை.

அந்த விவரங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவதுதான் 300 முதல் 900 வரையிலான ஸ்கோர். 750க்கு மேல் இருந்தால் வங்கி மேலாளர் முகத்தில் சிரிப்பு வரும். இவ்வளவு இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்தக் குறைந்தபட்ச எண்ணையும் நிர்ணயிக்கவில்லை. நிதி அமைச்சகம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலேயே இதைச் சொன்னது. எவ்வளவு வேண்டும் என்பது ஒவ்வொரு வங்கியின் சொந்த முடிவு.

ஸ்கோருக்குக் கடன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். என்ஆர்இ கணக்கில் 40 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தாலும் அது தெரியாது. துபாயில் வாங்கும் சம்பளம் தெரியாது. தில்லை நகரில் சொந்த வீடு இருப்பது தெரியாது. வங்கியில் வைத்த நகைக்கடன் தெரியும். பீரோவில் இருக்கும் நகை தெரியாது. சேமிப்புக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் குறைந்தால் ஸ்கோர் இறங்கும் என்று பயப்படுபவர்களும் உண்டு. அதற்கு இறங்காது. வாங்கிய கடனைக் குறித்த நாளில் கட்டினாரா, எத்தனை நாள் தாமதம், கார்டு வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறார், எத்தனை வருடமாகக் கடன் வரவு செலவு வைத்திருக்கிறார், எத்தனை இடத்தில் கடன் கேட்டு அலைந்தார் என்பதுபோன்ற விஷயங்கள்தான் அதற்கு முக்கியம்.

தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, சொன்ன சொல் தவறாத குணத்தையும் குறிக்கிறது. 'நாணயமான ஆளு' என்றால் நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று அர்த்தம். திருச்சிக்குத் தெற்கே செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தொழிலுக்குப் போன நகரத்தார் இந்த நாணயத்தைக் கடலின் இரண்டு பக்கமும் செல்லுபடியாக்கி வைத்திருந்தார்கள். ரங்கூனில் எழுதிய உண்டியலுக்கு ஊரில் பணம் கிடைத்தது. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்ததும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். இன்றைய ஸ்கோருக்கு அந்தக் குணம் கிடையாது. அது நாட்டு எல்லையோடு நின்றுவிடும். அங்கே பத்து வருடம் ஒழுங்காகக் கட்டியது இங்கே ஏறாது. இங்கே ஒரு மாதம் விட்டுப்போனது மட்டும் ஏறிவிடும்.

ஒரு சிம் கார்டு செத்துப்போவதிலிருந்து

சிக்கல் பெரும்பாலும் செல்போன் எண்ணில் ஆரம்பிக்கிறது. வேலைக்குப் போனவர் அங்கே ஒரு புது நம்பர் வாங்குவார். இந்திய சிம் பையின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். டிராய் விதிப்படி ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதை நிறுத்திவிடலாம். குறைந்தது 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருப்பார்கள். நிறுத்திய எண்ணை, குறைந்தது 90 நாள் கழித்து, வேறொருவருக்குக் கொடுப்பார்கள். ஆக, ஒரு வருடத்துக்குள் வங்கி அனுப்பும் "உங்கள் தவணை நிலுவையில் உள்ளது" என்ற எஸ்எம்எஸ் யாரோ முகம் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது அவர் விட்டுப்போன கிரெடிட் கார்டைப் பாருங்கள். பயன்படுத்தவே இல்லை. ஆனால் ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், ஜிஎஸ்டி 90 ரூபாய், மொத்தம் 590 விழுகிறது. கட்ட ஆள் இல்லை. கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் 'தவறியது' என்று பதிய வேண்டும் என்பது விதி. மூன்று நாள் என்ன, முப்பது நாள் போகும். தாமதக் கட்டணம், வட்டி, அதற்கு ஜிஎஸ்டி என்று ஏறும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். ஓராண்டுக்கு மேல் தூங்கும் கார்டை வங்கியே தகவல் சொல்லி, 30 நாள் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. நல்ல விதிதான். ஆனால் பாக்கி இருந்தால் மூட முடியாது. அந்த 590 ரூபாயே கார்டைச் சாகவிடாமல் வைத்திருக்கும். தொகை சின்னது என்பதற்காக நாள்கணக்கு இரக்கம் காட்டாது.

வீட்டுக்கடன், வாகனக்கடன் வைத்திருப்பவர்களின் கதை வேறு மாதிரி. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வேலைக்காக வெளிநாடு போனவர் உள்ளூர் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். நிறைய பேர் மாற்றுவதில்லை. "யாருக்குத் தெரியப் போகுது, ஏற்கெனவே ஓடுற கணக்குதானே" என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் வங்கி கேஒய்சி புதுப்பிக்கக் கேட்கும். ஆள் வரமாட்டார். கணக்கில் பணப்பரிமாற்றத்தை நிறுத்திவைப்பார்கள். அந்தக் கணக்கிலிருந்து போக வேண்டிய இஎம்ஐ திரும்பிவிடும். கணக்கில் பணம் இருந்தும் தவணை தவறியதாகப் பதிவாகிற கொடுமை இப்படித்தான் நடக்கிறது. முறையாக என்ஆர்ஓவுக்கு மாற்றியவருக்கும் ஒரு கண்ணி உண்டு: சில வங்கிகளில் கணக்கு எண் மாறும். பழைய எண்ணில் கொடுத்த தானியங்கிப் பற்று உத்தரவு அதோடு செத்துவிடும். புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லாவிட்டால் முதல் மாதமே தவறும்.

பான் அட்டையும் இதில் சேர்ந்துகொண்டது. ஆதாரோடு இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தபோது, வெளிநாடு வாழ் இந்தியர்கள் பலரின் எண்ணும் சேர்ந்தே செயலிழந்தது. அவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால் தான் வெளிநாட்டில் வசிப்பவர் என்று வருமான வரித் துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். கடன் தகவல் நிறுவனங்கள் ஆளை அடையாளம் காண முதலில் பார்ப்பது இந்தப் பான் எண்ணைத்தான்.

இன்னும் சாதாரணமான காரணம், தேதி. வளைகுடாவில் சம்பளம் தாமதமாகும். அனுப்பிய பணம் வார விடுமுறையில் மாட்டும். ஐந்தாம் தேதி போக வேண்டிய இஎம்ஐக்கு ஏழாம் தேதி பணம் வரும். கணக்கில் எப்போதும் இரண்டு மூன்று தவணைப் பணம் கிடக்கட்டும் என்று விட்டுவைப்பதுதான் இதற்கு மருந்து. வீட்டுக்கடன் என்றால், ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினர் தன் கணக்கிலிருந்தே தவணையைக் கட்டவும் அனுமதி இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட அப்பா

ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகள், சித்திரை வீதிகள், அடையவளஞ்சான் என்று எந்தச் சுற்றில் நடந்தாலும், பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் மட்டும் வீட்டில் என்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளலாம். அப்பா திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மகன் மேற்படிப்புக்கு வெளிநாடு போக 20 லட்சம் ரூபாய் கல்விக்கடன். ஏழரை லட்சத்துக்கு மேல் என்பதால் வீட்டுப் பத்திரம் வங்கியில். அப்பா இணைக் கடன்தாரர்; வங்கி மொழியில் 'கோ-அப்ளிகன்ட்'.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை கட்டலாம். தவணைதான் நிற்கும், வட்டி நிற்காது. படிப்பு முடிகிறது. வேலை கிடைக்கத் தாமதமாகிறது. அந்த ஓராண்டும் தீர்ந்துவிட்டது. மகன் வீட்டில் சொல்லவில்லை. "அப்பாகிட்ட சொன்னா பிரஷர் ஏறிடும், அடுத்த மாசம் எப்படியும் வேலை வந்துடும்." நினைவூட்டல் எல்லாம் மகனின் பழைய திருச்சி எண்ணுக்குப் போகிறது. அந்த எண் இப்போது யாரிடமோ.

ஆறு மாதம் கழித்து அப்பா, வீட்டு மராமத்துக்காக ஓய்வூதியத்தைக் காட்டி ஒரு சின்னக் கடன் கேட்கிறார். "சார், உங்க சிபில் சரியில்லையே."

"எனக்கா? நான் வாழ்க்கையில ஒரு ரூபா பாக்கி வச்சதில்லையே."

"எஜுகேஷன் லோன் ஓவர்டியூல இருக்கு சார். நீங்க கோ-அப்ளிகன்ட்."

"கடன் வாங்கினது அவன். நான் கையெழுத்துதானே போட்டேன்?"

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊரில் கையெழுத்துப் போடுவது ஒரு மரியாதை, ஒரு பக்கபலம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இணைக் கடன்தாரர் என்றால் அவரும் கடன்தாரர்தான். பாதிக் கடனுக்கு அல்ல, முழுக் கடனுக்கு. வெறும் ஜாமீன்தாரர் என்றாலும் தப்பிக்க முடியாது: 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவு, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. ஒரே கடன், ஒரே தாமதம், இரண்டு பேர் அறிக்கையிலும் ஏறும். 90 நாள் தாண்டி வாராக்கடன் ஆனால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அது வருவது மகனின் வெளிநாட்டு அறைக்கு அல்ல, ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலுக்கு.

பயந்துபோய் சில பெரியவர்கள் செய்யும் இன்னொரு காரியம்: வங்கியோடு பேசி ஒரே தவணையில் குறைத்துக் கட்டி முடித்துவிடுவது. தலைவலி தீர்ந்தது என்று நினைப்பார்கள். அறிக்கையில் அந்தக் கடன் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அதாவது முழுக் கடனையும் கட்டவில்லை, பேரம் பேசி முடித்தார்கள் என்று அர்த்தம். அடுத்து கடன் கேட்கப் போகும் இடத்தில் எல்லாம் அது கண்ணில் படும். கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கையில் பணம் இருந்தால் கொஞ்சம் சிரமப்பட்டாவது முழுதாகக் கட்டி முடிப்பது நல்லது. மகனுக்கு நிஜமாகவே வேலை இல்லை என்றால், 90 நாள் ஆவதற்கு முன்பே கிளைக்குப் போய்த் தவணையை மாற்றி அமைக்கக் கேட்கலாம். வாராக்கடன் ஆன பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இதில் மகன்மேல் தப்பே இல்லை என்று சொல்ல முடியாது. கஷ்டத்தில் கட்ட முடியாமல் போனவர் ஒரு ரகம். சம்பளம் வந்த பிறகும் "அங்கேருந்து இங்க வந்தா பிடிக்கப் போறாங்க" என்று இருப்பவர் இன்னொரு ரகம். அவருக்காக யாரும் பரிந்து பேச வேண்டியதில்லை. ஆனால் வங்கிகளின் பக்கமும் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. தவணை தவறியதைக் கடன் தகவல் நிறுவனத்துக்குச் சொல்லும்போது வாடிக்கையாளருக்கும் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. எண் வங்கியிடம் பதிவாகி இருந்தால் அனுப்ப வேண்டும். செத்துப்போன எண்ணும் பதிவாகி இருக்கிற எண்தானே! விதியை எழுத்துப்படி நிறைவேற்றியதாகக் கணக்கு வந்துவிடும், தகவல் மட்டும் போய்ச் சேராது.

வெளிநாட்டு எண்ணுக்குத் தகவல் அனுப்புவது கஷ்டம் என்று வங்கிகள் சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் சிங்கப்பூர், அமீரகம், கத்தார், ஓமன், சவுதி, அமெரிக்கா, பிரிட்டன் உட்பட 10 நாடுகளின் செல்போன் எண்களை வைத்தே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த அனுமதித்தது. அடுத்த மாதமே யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைந்தன. பணம் அனுப்ப அந்த எண் செல்லும் என்றால் எச்சரிக்கை அனுப்பவும் செல்ல வேண்டும்.

அக்கரையில் வாங்கிய கடன்

"துபாய்ல எடுத்த லோன் இங்க சிபில்ல தெரியாதுங்க" என்று ஒரு தைரியம் உலவுகிறது. பாதி சரி. அமீரகத்தில் அல் எதிஹாத் கடன் தகவல் நிறுவனம் 2014 முதல் இயங்குகிறது. அங்கேயும் ஸ்கோர் 300 முதல் 900 வரைதான். அந்தக் கணக்கு இங்கே சிபிலில் ஏறுவதில்லை.

மீதிப் பாதி நீதிமன்றத்தில் இருக்கிறது. 2020 ஜனவரி 17 அன்று மத்திய அரசு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் ஐக்கிய அரபு அமீரகத்தைப் பரஸ்பர நாடாக அறிவித்தது. அமீரக உரிமையியல் நீதிமன்றம் ஒருவர்மீது கடன் பாக்கிக்குத் தீர்ப்பு கொடுத்தால், அதை இந்திய மாவட்ட நீதிமன்றத்தில், இந்திய நீதிமன்றமே கொடுத்த தீர்ப்பு போல நிறைவேற்றக் கேட்கலாம். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ஆகியவை முன்பே இந்தப் பட்டியலில் இருந்தவை. ஆக, ஸ்கோரில் தெரியாத கடன், திருச்சி மாவட்ட நீதிமன்றத்தில் தெரிய வரலாம். கார்டைத் தேய்த்துவிட்டு இரவோடு இரவாக விமானம் ஏறிய பழைய கதைகளை நம்பி இன்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எதிர்த்திசையிலும் இதே சுவர்தான். இங்கே 800 ஸ்கோர் வைத்திருப்பவர் சிங்கப்பூரோ அமெரிக்காவோ போய் இறங்கினால் முதல் நாளில் அவருக்குப் பூஜ்யம். விதிவிலக்காக, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2019இல் நோவா கிரெடிட் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களின் சொந்த நாட்டுக் கடன் வரலாற்றைப் பார்த்து கார்டு கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. இப்படிச் சில கதவுகள்தான் திறந்திருக்கின்றன.

திரும்பி வருகிறவருக்கு

பத்துப் பன்னிரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர், எந்தப் பாக்கியும் வைக்காதவர், வீட்டுக்கடன் கேட்கும்போது திடுக்கிடுவது இங்கேதான். ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்காது. 'என்எச்' என்று இருக்கும். கடன் வரலாறு இல்லை, அல்லது சமீப ஆண்டுகளில் கடன் நடமாட்டம் இல்லை என்று பொருள். கெட்ட பெயர் அல்ல, பெயரே இல்லை. வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல்முறை கடன் கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. ஆனாலும் கவுன்டரில் இருப்பவர் தயங்கத்தான் செய்வார். பல வங்கிகள் வசித்த நாட்டின் கடன் அறிக்கையைக் கேட்கின்றன. கிளம்பும் முன் அதை எடுத்து வைத்துக்கொண்டால் பேச்சு சுலபமாகும். டெபாசிட்டை ஈடாக வைத்து ஒரு சின்ன கிரெடிட் கார்டு எடுத்து, மாதம் ஒரு செலவு செய்து முழுதாகக் கட்டிவந்தால் சில மாதங்களில் எண் பிறந்துவிடும்.

போகும்போதே ஒரு பழைய கார்டை உயிரோடு வைத்துப் போவது இன்னும் நல்லது. ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டாக, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டோடு. மற்ற கார்டுகளை எழுதிக் கொடுத்து மூடிவிட வேண்டும். பாக்கி இல்லாதபட்சத்தில் கேட்டு ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், நாளுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. மூடியதற்குக் கடிதம் வாங்காமல் விமானம் ஏறக் கூடாது.

ஸ்கோர் கடனோடு நிற்பதும் இல்லை. கடன் பதிவு சரியில்லை என்று ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் சரி என்றது. பொதுப்பணத்தைக் கையாளும் வேலைக்கு வருபவரிடம் நிதி ஒழுக்கம் எதிர்பார்ப்பது நியாயம் என்பது நீதிமன்றத்தின் பார்வை. வெளிநாட்டிலிருந்து திரும்பி வங்கி வேலைக்கு முயல்பவர், மறந்துபோன அந்த 590 ரூபாயை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தப்பான பதிவு இருந்தால்

நாலு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதலே இந்த வசதி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் வருடம் முழுவதும் காசு செலவில்லாமல் கண்காணிக்கலாம். தானே தன் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அப்பா அம்மாவும் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

தப்பு இருந்தால் வங்கிக்கோ கடன் தகவல் நிறுவனத்துக்கோ புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்க வேண்டும். அதில் வங்கிக்கு 21 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் புகார் கொடுத்தவருக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன, கட்டணம் கிடையாது. வழி தெரியாதவர்கள் 14448 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் இதெல்லாம் தப்பான பதிவுக்கு. தவணை நிஜமாகவே தவறி, தகவல் மட்டும் வரவில்லை என்றால் பதிவை அழிக்கச் சொல்ல முடியாது. ஸ்ரீரங்கத்து அப்பாவின் நிலைமை அதுதான். பதிவில் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

இதைச் சரிசெய்யப் பெரிய சட்டம் எதுவும் தேவைப்படாது. கல்விக்கடன் விண்ணப்பத்தில் இணைக் கடன்தாரரின் செல்போன் எண் ஏற்கெனவே இருக்கிறது. முதல் தவணைக்கு மூன்று மாதம் முன்பிருந்து, எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதி, கட்டியாயிற்றா என்று அந்த எண்ணுக்கும் மாதம் ஒரு எஸ்எம்எஸ், தமிழில் அனுப்பினால் போதும். தவறிய முதல் தவணையை மேலே அனுப்பும் முன் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாம். ஒரு மாதத் தவணையைத் தன் ஓய்வூதியத்திலிருந்து அவரே கட்டியிருப்பார். அந்த ஒரு போன் கால் வங்கிக்குச் செலவு அல்ல. வாராக்கடன் ஒன்று குறைகிற கணக்கு.